எங்களுக்கென்று ஒரு தூணண்ணன்

முதலில் செருப்பைத்தான் பார்ப்பார். பிறகு நடை, பிறகு கையில் இருக்கும் பை, கடைசியில்தான் முகம். எங்கள் பத்திரிகை அலுவலகத்துக்குள் யார் நுழைந்தாலும், எதிர்ச் சாரியில் ஜெராக்ஸ் கடை வாசல் தூணில் சாய்ந்தபடி இதே வரிசையில் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார். "மொகம் ஏமாத்தும் சார். சட்டைய மாத்துவான், மீசைய எடுப்பான். செருப்ப மாத்தணும்னு எவனுக்கும் தோணாது" என்பது அவர் கட்சி.

உளவுப் பிரிவுக் காவலர். சாதாரண உடைதான். ஆனாலும் மடிப்புக் கலையாத பேன்ட்டும் ஒட்ட வெட்டிய முடியும் "நான் போலீஸ்" என்று தெருமுனை வரை கேட்கச் சொல்லும். நாங்கள் வெளியிட்ட ஒரு கட்டுரை மேலிடத்தில் யாருக்கோ உறைத்துவிட்டது. அன்றிலிருந்து ஒன்றரை வருடமாக எங்களைக் கண்காணிப்பதுதான் இவர் வேலை. தூணை விட்டு நகராததால் எங்களுக்குத் தூணண்ணன்.

முதல் மாதம் கொஞ்சம் மறைந்து நின்றார். இப்போது அதற்கும் அலுப்பு. காலையில் நான் பூட்டைத் திறக்கும்போதே ரோட்டைக் கடந்து வந்துவிடுவார். "இன்னைக்கு யாராச்சும் பெரிய ஆளு வராங்களா சார்? வந்தா முன்னாடியே சொல்லிடுங்க. முட்டி வலிக்குது, படியேறி வந்து கேக்க முடியல." மேலதிகாரி சுற்றிவரும் நாளில் மட்டும், "இன்னைக்கு ஒரு நாள் என்னைத் தெரியாத மாதிரி இருங்க" என்று கெஞ்சுவார். நாங்களும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவோம். அப்படி ஒருநாள் எங்கள் பிழைதிருத்துபவர் பழக்கதோஷத்தில் டீ டம்ளரை நீட்டிவிட்டார். தூணண்ணன் அதை வாங்காமல் மின்கம்பியையே பார்த்துக்கொண்டு நின்றதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

குறிப்பேட்டை ஒருமுறை எனக்கே காட்டினார். வந்தவர்களின் செருப்பு, நடை, பை; ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'குறிப்பிடும்படி எதுவுமில்லை'. "நடக்காததத்தான் சார் எழுதறோம். அதப் படிக்க ஒரு ஆபீசர், அடுக்கி வைக்க ஒரு ரூமு." முப்பத்து நான்கு வருடங்கள் யார் யார் வீட்டு வாசலிலோ இப்படி நின்றிருக்கிறார். "எம் பொண்ணு மொத மொதல்ல நடந்தப்ப, எவனோ ஒருத்தன் கதவத் தொறப்பானான்னு பாத்துட்டு நின்னேன்." குரலில் வருத்தம்கூட இல்லை, வெறும் அசதி. கேட்ட எனக்குத்தான் மனசு கஷ்டமாகிவிட்டது. ஓய்வு பெற இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. ஒரு கெட்ட பெயரும் இல்லாமல் வீடு போய்ச் சேர வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை கிடையாது.

சென்ற வியாழக்கிழமை அவர் எழுதியது இது: 'பெண். பழுப்புச் செருப்பு, இடது வார் அறுந்து கறுப்பு நூலால் தைத்தது. வேக நடை. தோளில் துணிப்பை.' முகத்துக்காக நிமிர்ந்தபோதுதான் தெரிந்திருக்கிறது, அந்த வாரை நாலு நாள் முன்பு தைத்து வாங்கிக்கொண்டு போனதே தான்தான் என்று. மகள் எங்கள் மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்தாள்.

நிருபர் வேலைக்கு வந்தவள். எங்கே டியூட்டி என்று அப்பா வீட்டில் சொல்வதில்லை. எங்கே விண்ணப்பித்தாள் என்று மகளும் சொல்லவில்லை. அவள் எழுத்தைப் படித்துவிட்டு எங்கள் ஆசிரியர் அப்போதே சேர்த்துக்கொண்டார். அவள் சிரித்த முகமாக இறங்கிப் போகும் வரை தூணண்ணன் தூணுக்குப் பின்னால் நிஜமாகவே ஒளிந்து நின்றார்.

அவள் தெரு திரும்பியதும் மூச்சு வாங்க மாடியேறி வந்தார்.

"இப்ப வந்துட்டுப் போச்சே, அது எம் பொண்ணு சார். வேலை இல்லேன்னு சொல்லிடுங்க."

"ஏண்ணே, அதுக்குள்ள எழுதிட்டீங்களா?"

"பாதி எழுதிட்டேன். பக்கத்துக்கெல்லாம் நம்பர் போட்டிருக்கு, கிழிக்க முடியாது. கோடு போட்டு அடிச்சா, ஏன் அடிச்சேன்னு ஆபீசர் கேப்பான். முழுசா எழுதினா அவ பேரு ஃபைல்ல ஏறிடும். ஏறிச்சுன்னா எறங்காது சார். எத்தன பேர ஏத்தி விட்டிருக்கேன், எனக்குத் தெரியாதா?"

அவள் கொடுத்துவிட்டுப் போன கட்டுரையை எடுத்து நீட்டினேன். துணிக்கடையில் நாள் முழுக்க உட்காரவிடாமல் நிறுத்திவைக்கப்படும் விற்பனைப் பெண்களைப் பற்றியது. நாற்காலியைக் காட்டியும் உட்காராமல், உதடு அசைய, நின்றுகொண்டே படித்தார்.

"வீங்கின காலத்தான் மொதல்ல எழுதியிருக்கா" என்றார். "இத யாரு சார் இவளுக்குச் சொல்லிக் குடுத்தா?"

தாளை மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"திங்கக்கெழம சேர்றாளா?"

"நீங்க சொல்லுங்க."

அவர் என்னைப் பார்க்காமல் குறிப்பேட்டை என் மேஜைமேல் விரித்தார். பெயர் என்ற கட்டத்தில் மகளின் பெயரை எழுதினார். அதற்கு அடுத்தது தகப்பன் பெயர். வருகிறவர்களுக்கு அதைக் காலியாகத்தான் விடுவது வழக்கமாம். பேனாவை ஒருமுறை உதறிக்கொண்டு, அந்தக் கட்டத்தில் தன் பெயரை நிறுத்தி எழுதி, பக்கத்தில் தன் காவலர் எண்ணையும் போட்டார்.