உப்புப் படாத போட்

மாமாவின் பூட்ஸை நக்கிப் பார்த்தேன். இடது பூட்ஸ், குதிகாலுக்குச் சற்று மேலே, தோல் வெளுத்திருந்த இடம். ரப்பர் ருசி, கிரீஸ் ருசி, எந்த ஊர் மண்ணோ ஒன்றின் ருசி. உப்பு இல்லை. எனக்கு அப்போது ஒன்பது வயது. டெக்சஸில் எங்கள் பேர்லேண்ட் வீட்டின் லாண்டரி அறையில் ட்ரையர் சுழன்றுகொண்டிருந்தது. கப்பல்காரர் பூட்ஸில் கடல் உப்பு இல்லையென்றால், மாமா பொய்யர் என்பது உறுதி.

வேவு பார்க்கச் சொன்னது அப்பாதான். அம்மாவின் தம்பியான மாமா, அம்மா ஸ்பான்சர் செய்து வந்த கிரீன் கார்டோடு வடக்கே பெரிய ஏரிகளின் பக்கம் போனவர், கப்பலில் வேலை என்று சொல்லியிருந்தார். ஜனவரி பாதியில் ஒற்றைப் பையோடு வந்து எங்கள் சோபாவில் படுத்தார். பனி உருகுகிறவரை போட் ஓடாது, மார்ச் கடைசிவரை இங்கேதான் என்றார். தூத்துக்குடியில் துறைமுகத்தைப் பார்த்து வளர்ந்த அப்பாவுக்கு இது எதுவும் இறங்கவில்லை.

"கப்பல எவனாவது ரெண்டு மாசம் சும்மா நிப்பாட்டி வப்பானா? அதுவும் போட்டுங்கான், போட்டு. வேலை போயிருக்கும். இல்ல, வேலையே கெடையாது."

அம்மாவோ கோயில் கேன்டீனில் தோசைக்கு வரிசையில் நின்ற எல்லாரிடமும் தம்பி கப்பலில் சீஃப் இன்ஜினியர் என்று சொல்லி முடித்திருந்தாள். அதை நம்பி ஹூஸ்டன் டாக்டர் வீடு ஒன்று, அடுத்த ஞாயிறு பெண்ணோடு சம்பந்தம் பேச வருவதாக இருந்தது. பொய்யென்று பிறகு தெரிந்தால் அந்தக் கேன்டீனில் எந்த முகத்தோடு நிற்பது? அப்பா எனக்கு ஒரு ஸ்பைரல் நோட்டு வாங்கிக் கொடுத்தார்.

எழுதினேன். விடியுமுன் எழுகிறார். டிஷ்வாஷரைப் பிரித்து மாட்டுகிறார். டிவியில் நம் ஊர் வானிலையை விட்டுவிட்டு வடக்கத்தி வானிலை பார்க்கிறார். தினமும் மூன்று மணிக்கு போன் வயரை லாண்டரி அறைவரை இழுத்துக்கொண்டு போய், கதவைச் சாத்தி, இங்கிலீஷில் பேசுகிறார், சிரிக்கிறார். கடைசி வரியை அப்பா கோடு போட்டு அடித்தார். போனில் யாரோடு பேசினால் நமக்கென்ன, வேலை இருக்கிறதா இல்லையா, அதைப் பார் என்றார்.

அதைப் பார்க்கத்தான் பூட்ஸை எடுத்தேன். நாக்கை உள்ளே இழுப்பதற்குள் வாசலில் மாமா நின்றார்.

"என்ன பிள்ள, டேஸ்ட் எப்படி?"

உப்பே இல்லை என்று இங்கிலீஷில் குற்றம் சாட்டினேன். அவர் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"இருக்காது. எங்க போட் லேக்கர். ஏரியிலயே பொறந்தது, ஏரியிலயே ஓடுறது. கடல்லேர்ந்து உள்ள வர்றதுக்குப் பேரு சால்ட்டி."

எங்கள் பள்ளியில் லேக்கர் என்றால் கூடைப்பந்து அணி. என் சந்தேகம் இரட்டிப்பானது. மாமா என் நோட்டை வாங்கினார். அது எதற்கான நோட்டு என்று தெரிந்தே வாங்கினார். இரண்டு பக்கத்துக்கும் நீளமாக ஒரு போட் வரைந்தார். ஆயிரம் அடி இருந்தாலும் அந்தக் கரையில் அது போட்தான், ஷிப் என்று சொன்னால் வெளியூர் ஆள் என்று கண்டுபிடித்துவிடுவார்கள் என்றார். வயிறு நிறைய இரும்புத்தாது. குளிரில், போட்டுகள் ஏரிக்கு ஏரி தாண்டும் மதகுகளை மூடிவிடுவார்கள், போட்டுகள் பனிக்குள் தூங்கும். கடலுக்குப் போகும் வழியிலிருக்கும் மதகு இந்தப் போட்டைவிடச் சின்னது, ஆகவே இந்தப் பிறவியில் அது கடலைப் பார்க்காது. எல்லாவற்றையும் என்னைத் திருப்பிச் சொல்லச் சொன்னார்.

"யார் கேட்டாலும் இப்படியே சொல்லணும். கடலுக்கே போகாதுங்கறத மட்டும் விட்டுராத."

பொய் சாட்சியைத் தயார் செய்கிறார் என்று நினைத்தேன். மறுநாள் பள்ளி நூலகத்தில் கலைக்களஞ்சியத்தைப் புரட்டினேன். அதே நீளம், அதே தட்டையான முதுகு, அதே சொல். ஏமாற்றமாக இருந்தது. அப்பாவுக்கோ நிம்மதி. ஏரியோ கடலோ, வேலை இருக்கிறதல்லவா, ஞாயிறு வருகிறவர்கள் முன்னால் நீ வாயைத் திறக்காதே என்றார்.

ஞாயிறு வந்தார்கள். பெண் கார்ப்பெட்டைப் பார்த்தாள். டாக்டர் அங்கிள் பஜ்ஜியைப் பிட்டபடி, கப்பல் எந்தெந்த நாட்டுக்குப் போகும், சென்னைக்கு வருமா என்று கேட்டார். வருஷத்துக்கு ஒருமுறை மகளையும் கூட்டிப் போகலாமே என்று ஆன்ட்டிக்கு ஆசை. வரும் வரும் என்றாள் அம்மா. மாமா அம்மாவைப் பார்க்கவில்லை, அங்கிளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

நான் ஒப்பித்தேன். லேக்கர், ஏரி, பனி, மதகு, ஒன்றையும் விடவில்லை. கடலுக்கே போகாது என்பதை இரண்டு முறை சொன்னேன்.

"ஏரியிலயா?" என்றார் ஆன்ட்டி. "ஏரியில போட்டு ஓட்டறாரா?"

காபி ஆறுமுன் கிளம்பிவிட்டார்கள். அம்மா அடுப்பைப் பார்த்து அழுதாள். அப்பா என் நோட்டைப் பிடுங்கி ஃபிரிட்ஜின் மேல் எறிந்தார். மாமா மட்டும் மிஞ்சிய கேசரியை இரண்டு தடவை போட்டுக்கொண்டு, அதிலிருந்த முந்திரியை எல்லாம் பொறுக்கி என் தட்டில் வைத்தார். மூன்று மணி ஆகவில்லை. ஆனாலும் அன்று போன் வயர் லாண்டரி அறைக்குப் போயிற்று.

இரண்டு வருடம் கழித்து அந்த வயரின் மறுமுனை எங்கள் வீட்டுக்கு மாமியாக வந்தது. ஏரிக்கரை ஊர்க்காரி. போட் என்றே சொன்னார்.

பல வருடம் கழித்து, கலிபோர்னியாவில் சான் ரமோனுக்கு வீடு மாற்றியபோது அந்த நோட்டு கிடைத்தது. பூட்ஸைச் சந்தேகித்தேன், பனிக்காலத்தைச் சந்தேகித்தேன், கேள்விப்படாத சொல்லைச் சந்தேகித்தேன். வேவு பார்ப்பவளைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு மனிதர் ஏன் இத்தனை பொறுமையாக உண்மையைச் சொல்லிக்கொடுக்கிறார் என்பதை மட்டும் சந்தேகிக்கத் தெரியவில்லை. அப்பா அடித்த கோட்டுக்கு அடியில் என் கோணல் எழுத்து இன்னும் தெரிகிறது. மூன்று மணி, போன், கதவு சாத்தி, சிரிக்கிறார்.