பீங்கான் வண்டிதானே, தாண்டு

பீங்கான் லோடு ஓட்டுகிறவன் கண்ணால் ரோட்டைப் பார்ப்பான், காதால் முதுகுக்குப் பின்னால் இருக்கிற சுமையைப் பார்ப்பான். விருத்தாசலத்தில் பதினோரு வருஷமாகக் குட்டி யானை என்கிற சின்ன லோடு வண்டி ஓட்டுகிறேன், நீல வண்டி. பீங்கான் செய்கிற யூனிட்டுகளில் ஊறுகாய் ஜாடி, பொம்மை, ஃப்யூஸ் கட்டை எல்லாவற்றையும் வைக்கோல் வைத்து அடுக்கிக் கொடுப்பார்கள். பாலக்கரை வழியாக லாரி ஷெட்டில் கொண்டுபோய் இறக்க வேண்டும். எங்கள் தொழிலில் பிரேக்கை மிதிக்கக் கூடாது, தடவ வேண்டும். இதுவரை ஒரு ஜாடிகூட என் வண்டியில் உடைந்ததில்லை. அந்தப் பெருமையில்தான் தலை கொஞ்சம் நிமிர்ந்து திரிந்துகொண்டிருந்தேன், பாலக்கரையில் ஒரு தையல்கார அக்கா கீழே விழும் வரைக்கும்.

அதைக் கடைசியில் சொல்கிறேன். ரோட்டை வண்டியில் கடக்கிறவர்கள், நடந்து கடக்கிறவர்கள், கடக்க முடியாமல் ஓரத்தில் நின்று முழிக்கிறவர்கள் எல்லோரும் ஒரே சாதி என்று நினைக்கிறவன் நான். அதனால் நான் முழித்ததையும் உங்களிடம் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

வெள்ளைக் கோடு

ஒரு நாள் காலையில் பார்த்தால் பஸ் ஸ்டாண்டு பக்கம் ரோட்டில் புதுசாக வெள்ளைக் கோடு போட்டிருந்தார்கள். சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி பளிச்சென்று இருந்தது. ஓரத்தில் ஏழெட்டுப் பேர் கடப்பதற்கு நின்றார்கள். சட்டப்படி நாம்தான் நிற்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். கோட்டுக்கு முன்னால் அழகாக நிறுத்திவிட்டு, போங்க என்று கையைக் காட்டினேன்.

ஒருவரும் அசையவில்லை. என்னைப் பார்த்தார்கள், வண்டியைப் பார்த்தார்கள், தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டார்கள். பின்னால் சேலம் பஸ்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. கடைசியில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு இரண்டு பேர் என் வண்டியின் பின்பக்கம் போனார்கள். மூன்றாவது ஆள் ஜன்னலில் தலையை நீட்டிக் கரிசனமாகக் கேட்டார்: "என்னா தம்பி, ஆஃப் ஆயிடுச்சா? கியர நூட்ரல்ல போடுங்க, தள்ளி வுடுறோம்."

மேரி அக்காவின் ஒன்பதரை மணி

நாள் போகப் போக ஊருக்கு ஒரு விஷயம் விளங்கிவிட்டது. ஓரங்களில் வைக்கோல் நீட்டிக்கொண்டு ஒரு வண்டி வந்தால் அது பீங்கான் வண்டி, அது மெதுவாகத்தான் வரும், சட்டென்று குறுக்கே போனாலும் திட்டுமே தவிர இடிக்காது. பஸ்ஸையும் கம்மாபுரம் பக்கமிருந்து பறந்து வரும் பைக்குகளையும் விட்டுவிட்டு, என் வண்டி வரும்வரை காத்திருந்து கடக்கிறவர்கள் உண்டு. "வாடி, பீங்கான் வண்டிதான்" என்று ஒருத்தி இன்னொருத்தியை இழுத்துக்கொண்டு போவதை என் காதாலேயே கேட்டிருக்கிறேன்.

அதில் முதல் ஆள் மேரி அக்கா. பாலக்கரையில் ஒரு பக்கம் அவர் வீடு, எதிர்ப்பக்கம் அவர் தையல் கடை. முழங்கால் வலி, வேகமாக நடக்க முடியாது. தினமும் ஒன்பதரைக்கு நான் முதல் லோடோடு வருவேன். அவர் துணிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓரத்தில் தயாராக நிற்பார். நான் வேகத்தைக் குறைப்பேன், அவர் நடுரோட்டில் ஒரு கையைத் தூக்கிக்கொண்டு சாமி ஊர்வலம் மாதிரி நிதானமாகப் போவார். எனக்கும் அது பிடித்திருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு நாள், இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு வரக் கூடாதா என்று கேட்டேன். அவர் சிரித்தார்: "உன் வண்டி வந்துச்சின்னா நான் கண்ண மூடிக்கினே தாண்டுவேன் வேலு. இத்தன ஜாடிய வச்சிக்கினு நீ என்னா, என்னய இடிக்கவா போற?"

கை காட்டினால் ஆட்டோ

ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியை வீட்டில் விட்டுவிட்டு நடந்து போனேன். எதிர்ப்பக்கம் மருந்துக் கடை, நடுவில் கடலூர் ரோடு. ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கும்போது சின்னதாகத் தெரிகிற ரோடு, செருப்புக் காலோடு நின்றால் எங்கள் ஊர் மணிமுத்தாற்றை விட அகலமாக இருக்கிறது. பத்து நிமிஷம் நின்றேன். எனக்குத் தெரிந்த டிரைவர்களே நாலு பேர் போனார்கள். நாலு பேரும் சிரித்துவிட்டுப் போனார்களே தவிர, நிறுத்தவில்லை.

சரி, மேரி அக்கா மாதிரி கையைத் தூக்குவோம் என்று தூக்கினேன். உடனே ஒரு ஷேர் ஆட்டோ வந்து காலடியில் நின்றது. "ஸ்டேஷனாண்ணே?" இல்லை என்றேன், போனது. திரும்பக் கையைத் தூக்கினேன், அடுத்த ஆட்டோ நின்றது. மூன்றாவது ஆட்டோக்காரர், முன்னால் போன இரண்டையும் பார்த்துக்கொண்டே வந்தவர், இறங்கி என் பக்கத்தில் வந்து தணிவாகச் சொன்னார்: "அண்ணே, எங்க போறதுன்னு மொதல்ல வூட்ல கேட்டுக்கினு வந்து கை காட்டுங்க."

காலி வண்டி

போன வருஷம் கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம் இருக்கும். லாரி சீக்கிரம் கிளம்புகிறது என்று யூனிட்டில் எட்டு மணிக்கே முதல் லோடை ஏற்றி அனுப்பினார்கள். இறக்கிவிட்டு இரண்டாவது லோடுக்காகத் திரும்பி ஓடி வந்துகொண்டிருந்தேன். பின்னால் ஒன்றுமில்லை, வைக்கோல் மட்டும்தான். காதுக்கு வேலையில்லை என்றால் காலுக்குக் கொண்டாட்டம், ஆக்சிலேட்டரை அழுத்திவிட்டேன்.

பாலக்கரையில் ஒன்பதரை மணி. வைக்கோல் நீட்டிக்கொண்டு நீல வண்டி வருவதைப் பார்த்த மேரி அக்கா வழக்கம்போலக் கையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார். நான் எந்தப் பக்கமிருந்து வருகிறேன் என்றுகூடப் பார்க்கவில்லை. நான் அன்றைக்கு பிரேக்கைத் தடவவில்லை, ஏறி நின்றேன். வண்டி கத்திக்கொண்டு வழுக்கி, அவருக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. இடிக்கவில்லை. ஆனால் பின்வாங்கியவருக்கு முழங்கால் மடங்கி, வலது கையை ஊன்றிக்கொண்டு விழுந்தார். பைக்குள் இருந்த கிறிஸ்துமஸ் துணிகள் ரோடு முழுக்கச் சிதறின. 

கூட்டம் கூடி இரண்டு கட்சியாகப் பிரிந்தது. ஒரு கட்சி என்னைத் திட்டியது, இன்னொரு கட்சி பார்க்காமல் இறங்கிய அக்காவைத் திட்டியது. டீக்கடைக்காரர் மட்டும் இரண்டு பேரையும் திட்டினார், அவர் சொன்னதுதான் நியாயம். மேரி அக்கா கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து, என் வண்டியின் பின்பக்கம் போய் எட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கோபம் இருந்தால்கூடப் பரவாயில்லை, ஆச்சரியம்தான் இருந்தது: "காலியாத்தான் வந்தியா? ஜாடின்னா ஒடையும், நாங்க ஒடைய மாட்டமா வேலு?"

கொக்கியும் ஹெம்மிங்கும்

பெரியாஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, எலும்பில் ஒன்றுமில்லை, மணிக்கட்டுச் சுளுக்குதான் என்றார்கள். எனக்கு உயிர் வந்தது. ஆனால் பத்து நாள் கையை அசைக்கக் கூடாது என்று சொல்லிக் கட்டுப் போட்டார்கள், அக்காவுக்கு உயிர் போனது. கடையில் முப்பது ரவிக்கையும் பாவாடை சட்டைகளும் கிடந்தன, எல்லாம் பண்டிகைக்கு உடுத்த வேண்டியவை. எங்கள் ஊரில் தைக்கக் கொடுத்த துணி பண்டிகைக்கு வரவில்லை என்றால் அந்தக் கடைக்கு அடுத்த வருஷம் பண்டிகை கிடையாது.

என் மனைவிக்கு மிஷின் தைக்கத் தெரியும். வீட்டில் நடந்ததைச் சொன்னதும் கிளம்பிப் போய் மேரி அக்காவின் மிஷினில் உட்கார்ந்துவிட்டாள். அக்கா ஒரு கையால் சாக்பீஸ் பிடித்துக் கோடு போட, இவள் வெட்டித் தைத்தாள். இறக்கி ஏற்றும் இடைவெளியில் நானும் போய் உட்கார்ந்து கொக்கி வைத்தேன், துணி ஓரத்தை மடித்து ஹெம்மிங் செய்தேன். என் ஹெம்மிங்கைப் பிரித்துத் திரும்பப் போடும்படி அக்கா என் மனைவியிடம் ரகசியமாகச் சொன்னது எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொண்டேன். பண்டிகைக்கு முந்தின நாள் மத்தியானம் கடைசி ரவிக்கையும் போய்ச் சேர்ந்தது.

கட்டுப் பிரித்த பிறகு முதல் நாள், ஒன்பதரை மணி. லோடோடு வந்தேன். அக்கா ஓரத்தில் நின்றார். கையைத் தூக்கவில்லை. வலது பக்கம் பார்த்தார், இடது பக்கம் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். நான் முழுசாக நிறுத்தித் தலையை ஆட்டிய பிறகுதான் காலை எடுத்து வைத்தார். மனசு வலித்தது, மறைக்கவில்லை. என் மேல் நம்பிக்கை போய்விட்டதா அக்கா என்று ஜன்னல் வழியாகக் கேட்டே விட்டேன். பாதி ரோட்டில் நின்று, பின்னால் பஸ் அலறுவதைக் கண்டுகொள்ளாமல் சொன்னார்: "நம்பிக்கல்லாம் அப்டியேதான் இருக்குது. நீ காலி வண்டியயும் லோடு வண்டி மாதிரி ஓட்டு, நான் லோடு வண்டியயும் காலி வண்டின்னு நெனச்சிப் பாத்துட்டுத் தாண்டுறேன், அவ்ளோதான்."

ஆக, எதை வேண்டுமானாலும் வைக்கோல் சுற்றி அனுப்பலாம், மனுஷரை மட்டும் முடியாது என்று தெரிந்துகொள்ள எனக்குப் பதினோரு வருஷமும் ஒரு காலி வண்டியும் ஆனதால், காலியாகவே ஊர்ந்து போகும் நீல வண்டிக்குப் பின்னால் மாட்டிக்கொள்கிறவர்கள் ஹாரனைக் கொஞ்சம் பார்த்து அடிக்கவும்.