இன்னொரு ஷட்டர் சத்தம்

நீங்கள் நம்பாவிட்டால் எனக்கு வருத்தமில்லை. அன்று அந்த ஏரியில் நின்றவள் நான். நடந்தது அத்தனையும் உண்மை. நேரங்கள்கூட என் ஞாபகம் அல்ல, கைக்கடிகாரம் காட்டியவை.

என் பெயர் சாயோ. ஹொக்கைதோவின் கிழக்குக் கோடியில் ஒரு சின்ன ஊர் ஸ்டுடியோவில் வேலை. கல்யாணம், பள்ளிக்கூட விழா என்று எட்டு வருஷம் என்னோடு கேமரா சுமந்தவர் இகராஷி. எனக்குக் கூடப் பிறக்காத அண்ணன். என் வீட்டுச் சாவி ஒன்று அவரிடம்தான் இருக்கும்.

போன வருஷம் ஜனவரியில் என் கேமரா பழுதாகிவிட்டது. புகைப்படப் போட்டிக்கு நான்கே நாள். இகராஷி அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார்.

"இந்தா. சும்மாதான் தூங்குது."

"யாரோடது, இகராஷி சான்?"

"என்னோடதுதான். உனக்குப் போய் திருட்டு மாலா குடுப்பேன்?" சிரித்தார். "ஏரிக்குப் போ. சாஞ்ச மரம் ஒண்ணு இருக்குல்ல, அதைத் தாண்டி இருபது அடி நட. அன்னமெல்லாம் உன் மடியிலயே வந்து உக்காரும்."

"ஐஸ் தாங்குமா?"

"உன்னையவா? ஊதினா பறந்துடுவே. நானே அங்க நின்னிருக்கேன், போம்மா."

போனேன்.

மாலை 3.50. சாய்ந்த மரத்தைத் தாண்டி இருபது அடி, ஐஸ் மேல் நின்றேன். மைனஸ் பதினான்கு. கேமரா கனமாக, கச்சிதமாக உள்ளங்கையில் உட்கார்ந்தது. பிடியின் ரப்பர் தேய்ந்திருந்தது. இகராஷியின் விரல்கள் குட்டை. அந்தத் தேய்மானமோ நீண்ட விரல்களுடையது.

வியூஃபைண்டரில் கண்ணை வைக்கப் போனேன். அதன் கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. சற்று முன்தான் யாரோ கண் வைத்து மூச்சு விட்டது போல.

நான் இன்னும் முகத்தைக் கிட்டவே கொண்டு போகவில்லை.

துடைத்தேன். அழுத்தினேன்.

க்ளக்... சக்.

இந்த வகைக் கேமராவில், அழுத்தியதும் உள்ளே ஒரு கண்ணாடி சட்டென்று மேலே எழும். கண்ணுக்கு முன்னால் ஒரு கணம் இருட்டு. படம் பதிகிற அந்தக் கணத்தை மட்டும் எடுப்பவரால் பார்க்கவே முடியாது. பிறகு கண்ணாடி கீழே விழும். அந்த அதிர்வு விரலில் தெரியும். எனக்குப் பழகிய சுகம் அது.

4.06. மறுபடி அழுத்தினேன். க்ளக்... சக்.

எனக்குப் பின்னால்... க்ளக்... சக்.

எதிரொலியா? மூன்று முறை அழுத்தினேன். பின்னாலும் மூன்று. ஒவ்வொரு கேமராவுக்கும் ஒரு குரல் உண்டு. அது என் கையில் இருந்த கேமராவின் குரல்.

4.09. நான் அழுத்தவில்லை.

க்ளக்... சக்.

அன்னங்கள் எல்லாம் கழுத்தைத் திருப்பின. என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் பார்த்தன.

இகராஷிதான். பயமுறுத்தப் பின்னாலேயே வந்திருக்கிறார்.

"போதும், இகராஷி சான்! வெளிய வாங்க!"

க்ளக்... சக்... க்ளக்... சக்... நிற்கவே இல்லை. என் கையிலிருந்த கேமராவும் அதிர்ந்தது. என் விரல் பொத்தானில் இல்லை.

பயத்தைவிடக் கோபம்தான் முந்தியது. திரும்பி, சத்தத்தை நோக்கி, கரைப்பக்கம் நடந்தேன். பதினைந்து அடி இருக்கும்.

வெண்பனியில் என் காலடிகள் மட்டும்.

சத்தம் நின்றது.

4.12.

முதுகுக்குப் பின்னால்... கிர்ர்ர்...

நான் நின்றிருந்த இடத்தில் ஐஸ் இல்லை.

கறுப்புத் தண்ணீர்.

ஓடினேன்.

மறுநாள் கேமராவைப் பழுது பார்க்கும் தக்கிசேயிடம் கொண்டு போனேன். அடியில் பொறித்திருந்த எண்ணைப் பார்த்தவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"இது மனாபேயோடதாச்சே. நான்தான் சர்வீஸ் பண்ணுவேன். உன் கைக்கு எப்படி வந்துச்சு?"

மனாபே, அதற்கு மூன்று வருஷத்துக்கு முன் அதே ஏரியில் ஐஸ் உடைந்து மூழ்கிப்போன போட்டோக்காரர். இகராஷியின் உயிர் நண்பர். தனியாகப் போனார், கேமராவும் அவரோடு தண்ணீரில் போய்விட்டது என்றுதான் எல்லோரும் நம்பினோம். "நான் கூடப் போயிருந்தா காப்பாத்தியிருப்பேனே" என்று சாவு வீட்டில் இகராஷி கதறியபோது, தோள் கொடுத்தவள் நான்.

கேமராவில் இரண்டு மெமரி கார்டு போடலாம். இரண்டாவது இடத்தில் பழைய கார்டு ஒன்று கிடந்தது. அதில் எல்லாம் அழிக்கப்பட்டிருந்தது. தக்கிசே மீட்டெடுத்தார். பதினொரு படங்கள்.

முதல் படத்தில், உடைந்த ஐஸின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மனாபே. வாய் திறந்திருக்கிறது. கண்கள் நேராகக் கேமராவைப் பார்க்கின்றன. பத்தாவதில் விரல்கள் மட்டும். நடுவில் ஆறு நிமிஷம். எடுத்தவரின் கை ஒரு படத்தில்கூட நடுங்கவில்லை.

இகராஷிக்குப் போன் செய்தேன்.

"நான் சாயோ பேசுறேன்."



"நீ... திரும்பி வந்துட்டியா?"

அதோடு வைத்துவிட்டார். அதற்குப் பிறகு ஊரில் யாரும் அவரைப் பார்க்கவில்லை. போலீஸ் இன்னும் தேடுகிறது. என்னை ஏன் அங்கே நிற்கச் சொன்னார்? தெரியாது. என்னைத் திரும்பி நடக்க வைத்தது யார்? அதுவும் தெரியாது.

பதினொன்றாவது படத்தில் முகம் இல்லை, விரல்கள் இல்லை. அசையாத கறுப்புத் தண்ணீர். ஓரத்தில் ஒற்றை அன்னம்.

இகராஷிக்கு முதல் பரிசு வாங்கித் தந்த படம். அதைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, என் பிறந்தநாளுக்குக் கொடுத்திருந்தார்.

இரண்டு வருஷமாக அதன் கீழேதான் நான் தூங்கினேன்.