கிரைப் வாட்டர் கேட்ட கதை

டென்மார்க்கில் நாங்கள் இருக்கும் ஊரில், சூப்பர் மார்க்கெட் கல்லாவுக்குப் பக்கத்தில் சூயிங்கமும் பேட்டரியும் ஆணுறையும் ஒன்றாகத் தொங்கும். முன்னால் நிற்பவர் முட்டையோடு ஆணுறையையும் எடுத்து வைப்பார். கல்லாப் பெண் மழையைப் பற்றிப் பேசுவாள். எனக்குத்தான் காது சுடும். மருந்துக்கடைக்கு இங்கே அபோதேக் என்று பெயர். ஒருமுறை அங்கே என் மனைவி செல்விக்கான கேள்விகளுக்கெல்லாம் நானே பதில் சொன்னேன். “உங்கள் மனைவிக்கு டேனிஷ் தெரியாதா?” என்றார் கடைக்காரப் பெண். என்னைவிட நன்றாகத் தெரியும் என்றேன். “பிறகு ஏன் நீங்கள் பேசுகிறீர்கள்?” தஞ்சாவூர்ப் பக்கத்துக் கணவன் என்பதை டேனிஷில் எப்படிச் சொல்வது?

போன விடுமுறையில், எங்கள் ஊர் திருக்காட்டுப்பள்ளியில், ஆணுறை கிழிந்தது. ஊரில் இதைப் படித்து முகம் சுளிப்பவர்கள் தாராளமாகச் சுளிக்கலாம். மகள் காலேஜுக்குப் போய்விட்டாள். பல வருடம் தள்ளிப்போட்ட நர்சிங் படிப்பைச் செல்வி அடுத்த மாதம் தொடங்க இருந்தாள். அவசர மாத்திரையை எவ்வளவு சீக்கிரம் போடுகிறோமோ அவ்வளவு நல்லது. விடிந்ததும் பைக்கில் கிளம்பினோம்.

மெடிக்கல் வைத்திருப்பவன் என்னோடு படித்த சேகர். கடையில் நின்றவர்கள் எல்லாம் எனக்குச் சொந்தம். “என்னடா வேணும்?” என்றான். என் வாய் தானாகவே “கிரைப் வாட்டர்” என்றது.

பாட்டிலை எடுத்து வைத்தான். “விசேஷமாடா? சொல்லவே இல்ல.”

செல்வி இறங்கி வந்து பாட்டிலை அவன் பக்கம் தள்ளினாள். “இது தேவைப்படாம இருக்கத்தாண்ணே வந்தோம். அவசரத்துக்குப் போடுற கருத்தடை மாத்திரை குடுங்க.”

சேகர் என்னிடம் திரும்பினான். “கலைக்கிற மாத்திரையெல்லாம் நான் வைக்கிறதில்லடா. அவங்கள வண்டிகிட்டப் போகச் சொல்லு.”

“கலைக்கிறது இல்லண்ணே, தரிக்காம தடுக்கிறது. எங்கிட்டப் பேசுங்க. நாந்தானே முழுங்கப் போறேன்.”

சொந்தங்கள் என்னைப் பார்த்தார்கள். நான் ஓர் அதட்டல் போட வேண்டிய இடம் அது. “அவளையே கேளுடா” என்றேன். என் வாழ்நாள் வீரம் அவ்வளவுதான்.

அங்கே கிடைக்கவில்லை. தஞ்சாவூரில் ஒரு டாக்டரம்மாவிடம் எழுதி வாங்கி, கடை வாசலிலேயே விழுங்கினாள். அதற்குள் என் அம்மாவின் போன். “சேகர் கடையில என்னம்மா பேசின?”

“பேச வேண்டியதத்தான் அத்தை.”

இப்போது செல்வி இரண்டாம் பருவம் படிக்கிறாள். பொங்கலுக்கு ஊர் போகப் பெட்டி கட்டுகிறோம். வரும்போது அதில் வடகமும் பொன்னி அரிசியும் இருக்கும். போகும்போது சாக்லேட்டும் அபோதேக்கில் வாங்கிய அவசர மாத்திரையும். மாத்திரையை நான் சாக்லேட்டுக்கு அடியில் தள்ளினேன். செல்வி எடுத்து மேலே வைத்தாள். நான் பெட்டிமேல் ஏறி உட்கார்ந்து பூட்டினேன்.