நூறு பிள்ளைகளில் ஏழு வரவில்லை

2007-இல் கடலூரில் ஒரு மனநல மையத்தில் ஆலோசகராகச் சேர்ந்தபோது எனக்கு இருபத்துநான்கு வயது. படித்து முடித்த மிதப்பு இன்னும் இறங்கியிருக்கவில்லை. போதாக்குறைக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கேட்ட கேள்விக்கு யாராவது உடனே பதில் சொல்லாவிட்டால் பேனாவால் மேசையைத் தட்டுவேன்.

அந்த ஆகஸ்டில் பிச்சாவரம் பக்கமிருந்து ஓர் அக்கா வந்தார். பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவர். தங்கை செத்துப்போன துக்கத்தில் தூக்கம் போய், மூன்று மாதமாக வேலைக்குப் போகவில்லை. டாக்டரின் மருந்தில் தேறிவிட்டார். இனி, வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் திங்கட்கிழமை அடுப்பு பற்றவைக்கலாம். இல்லையென்றால் வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். டாக்டர் கையெழுத்துப் போடுமுன் நினைவாற்றலைச் சோதித்து அறிக்கை எழுதுவது என் பொறுப்பு.

கணவர் பெயர் என்ன என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார். மறுபடி கேட்டேன். முந்தானையை விரலில் சுற்றினார். பேனாவால் தட்டினேன். இன்றைக்கு என்ன தேதி என்றதற்கு, "ஆடி இருவத்திநாலு மேடம். ஞாயித்துக்கெழம அமாவாச" என்றார். என் தாளில் ஆகஸ்ட் ஒன்பது என்று இருந்ததால், தவறு என்று குறித்தேன். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வரச் சொன்னேன். என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். 'நினைவுத் தடுமாற்றம் உள்ளது' என்று அழகான கையெழுத்தில் எழுதி, கோப்பை டாக்டர் மேசையில் வைத்துவிட்டுச் சிதம்பரம் பஸ் ஏறினேன்.

வீட்டில் அம்மா காஸ் பதிவு செய்ய போனில் பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ரிசீவரை நீட்டினார். "நம்பர் சொல்லியாச்சு. யாரு பேர்ல இருக்குன்னு கேக்குறாரு. நீ சொல்லு."

அப்பா பெயரைச் சொல்லிவிட்டு வைத்தேன். விவரம் தெரிந்த நாளிலிருந்து நான் செய்கிற வேலைதான். எங்கள் தெருவில் எந்த அம்மாவும் புருஷன் பெயரைச் சொல்லிக் கேட்டதில்லை. ரிசீவரை வைத்த கை அங்கேயே நின்றுவிட்டது.

"என்னாடி, பேயறஞ்ச மாதிரி நிக்கிற?"

"யம்மா, ஒரு பொம்பள வயித்துல அடிச்சிட்டு வந்துருக்கேன்."

நடந்ததைச் சொன்னேன். அம்மா சிரிக்கவில்லை. "அந்த நாற்காலியில என்ன உக்கார வெச்சிருந்தா, எனக்கும் புத்தி சரியில்லன்னுதான எழுதியிருப்ப" என்றார். அவமானத்தில் எனக்குக் காது சுட்டது.

மறுநாள் முதல் பஸ்ஸில் ஓடினேன். டாக்டரின் கையெழுத்துக்காக அக்கா வராந்தாவில் காத்திருந்தார். உள்ளே டாக்டர் கோப்பைத் திறந்து, பேனாவையும் எடுத்துவிட்டிருந்தார்.

"சார், தப்பு அவுங்க மேல இல்ல, என் மேல. இன்னொரு தடவ கேக்கணும்" என்றேன்.

கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "கேளுங்க. நானும் பாக்குறேன்."

அக்காவை அழைத்து வந்து, மேசைக்கு எதிரே உட்காராமல் அவர் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டேன். பேனாவைப் பைக்குள் போட்டேன்.

"அக்கா, உங்க பள்ளிக்கூடத்துல நூறு பிள்ளைங்கன்னு வெச்சுக்குங்க. ஏழு வரல. எவ்ளோ அரிசி போடுவீங்க?"

"பிள்ளைக்கு நூறு கிராம். ஒம்போது கிலோ முந்நூறு."

"இன்னும் ஏழு வரல."

"எட்டு கிலோ அறநூறு. அதுக்கு மேல கொறஞ்சா, ஊர்ல என்னா திருவிழான்னு விசாரிப்பேன் மேடம்."

டாக்டர் கீழே எதையோ தேடுவதுபோல் குனிந்து சிரித்தார். தேதி கேட்டேன். ஆடி இருபத்தைந்து, வெள்ளிக்கிழமை என்றார். சுவரில் தொங்கிய தினசரி காலண்டரில் ஆகஸ்ட் பத்துக்குக் கீழேயே ஆடி 25 என்று அச்சாகியிருந்தது. தினமும் அதைக் கிழிப்பவள் நான்தான்.

"வீட்டுக்காரர் பேரச் சொல்ல வேணாம்க்கா. எங்களுக்குப் புரியிற மாதிரி எதாவது சொல்லுங்க."

அக்கா முதல்முறையாக நிமிர்ந்தார். "சிதம்பரத்துல ஒத்தக் காலத் தூக்கி ஆடுறாரே, அவரு பேருதான். ஆனா இவுங்க காலு நீட்டி உக்காந்தா எழுந்திருக்கவே மாட்டாங்க."

டாக்டரால் அதற்கு மேல் குனிய முடியவில்லை. மூன்று பேரும் வாய்விட்டுச் சிரித்தோம். என் அறிக்கையைக் கிழித்துக் கூடையில் போட்டுவிட்டு அவர் கையெழுத்துப் போட்டார். எனக்குத் துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது. அன்று மாலையே அவரும் நானும் அந்தக் கேள்வித்தாளில் பாதியை அடித்துவிட்டு வேறு எழுதினோம்.

ஒரு மாதம் கழித்து அக்காவைப் பார்க்க அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். சாம்பார் சாதம் மணத்தது. தட்டோடு பிள்ளைகள் வரிசையில் நானும் நின்றேன். என் முறை வந்ததும் அக்கா கரண்டியை உயர்த்திப் பிடித்தபடி நின்றார்.

"இன்னிக்கு தமிழ் தேதி என்னா மேடம்?"

"ஆவணி..." என்று இழுத்தேன்.

கரண்டியால் குண்டான் விளிம்பைத் தட்டினார். நான் பேனாவால் தட்டிய அதே வேகம்.

"தெரியல. மறதின்னு எழுதிக்கவா?"

"எழுதிக்குங்கக்கா" என்றேன். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணிலும் தண்ணீர் வந்தது.

"மொதல்ல சாப்புடு பாப்பா. மருந்த அப்பறம் பாத்துக்கலாம்" என்று தட்டு நிறையப் போட்டார்.