அளவு காணாமல் போன பதினொரு பேர்

செவ்வாய்க்கிழமை காலை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது தேவராஜ் போன் செய்தார். எங்கள் பட்டறையில் செருப்புத் தைப்பவர், அதிகம் பேசாதவர். "நிசார் பாய் போய்ட்டாரும்மா. விடியகாலம்தான். மத்தியானமே எடுத்துடுவாங்களாம்" என்றார். "எந்த நிசார் பாய்?" என்று கேட்டேன். எங்கள் இருவருக்கும் தெரிந்த நிசார் பாய் ஒருவர்தான். தெரிந்தேதான் கேட்டேன்.

நான் மேல்விஷாரத்தில் அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது வாசலில் நின்றவர்களில் பாதிப் பேர் தோல் பதனிடும் ஷெட்டுக்காரர்கள். தோலின் பரப்பை அளக்கும் மெஷின் நின்றுபோனால் ராணிப்பேட்டையிலிருந்து ஆம்பூர் வரை நிசார் பாயைத்தான் கூப்பிடுவார்கள். "மெஷின் நின்னா லோடு நிக்கும். பாய் வந்தா ரெண்டும் கிளம்பும்" என்று ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். அவரை அந்த வேலையில் பார்த்தவர்கள் நிறைய. எங்கள் பட்டறையில் அவர் செய்ததைப் பார்த்தவர்கள் நானும் தேவராஜும் மட்டும்தான். அதை மற்றவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

தொழுநோயில் காலின் உணர்ச்சி போனவர்களுக்கும் சர்க்கரையால் பாதம் மரத்தவர்களுக்கும் செருப்பு செய்யும் இடம் எங்களுடையது. ஆம்பூரில் ஒரு தோல் ஷெட்டுக்குப் பக்கத்துச் சுவர். நான் அங்கே அளவெடுத்துப் பதிவு செய்பவள். மரத்த காலுக்குச் செருப்பு அழுத்துவது தெரியாது. புண் ஆறி மேலே தோல் மூடிவிட்டால் பார்ப்பவர் கண்ணுக்கும் தெரியாது. முன்பு எங்கே புண் வந்தது, எந்த இடத்தில் செருப்பின் அடி அட்டையைக் குழித்துவிட வேண்டும் என்பதெல்லாம் பழைய அளவுகளில்தான் இருக்கும்.

அந்த அளவுகள் எல்லாம் ஒரு பழைய கம்ப்யூட்டருக்குள் இருந்தன. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வெளிநாட்டு டாக்டர் ஒருவர் அதைக் கொண்டுவந்து, புரோகிராமையும் தானே எழுதிக் கொடுத்துவிட்டு ஊர் திரும்பினார். புதிய கம்ப்யூட்டர்களில் அது ஓடவில்லை. கீபோர்டு வேலை செய்யாத ஒரு நாளில் பக்கத்து ஷெட்டுக்கு வந்திருந்த நிசார் பாயைத் தேவராஜ் கூட்டிவந்தார். பிறகு வருடத்துக்கு இரண்டு முறையாவது தானே வந்து திறந்து, தூசி தட்டி, மூடிவிட்டுப் போவார். "இது வயசானது. கூப்பிடட்டும்னு காத்திருக்கக் கூடாது" என்பார்.

சில வருடங்கள் கழித்து ஒரு திங்கட்கிழமை, உள்ளே டக் டக் என்று சத்தம் வந்தது. திரையில் எதுவும் வரவில்லை. பிளாப்பிகளில் பிரதி எடுத்து வைப்பது என் பொறுப்பு. மூன்று வருடமாக எடுக்கவில்லை. அதற்கு முன் எடுத்து வைத்தவற்றில் பூஞ்சை பிடித்திருந்தது. காகிதங்களை இடமில்லை என்று நாங்களே எரித்திருந்தோம். நானூறு பேருக்கு மேற்பட்டவர்களின் அளவுகள் அதற்குள்தான் இருந்தன. நிசார் பாயிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. வயர் மாட்டியபடியே டிஸ்க்கை வெளியே எடுத்துக் காதோடு வைத்துக் கேட்டார்.

"பக்கத்து ஷெட்டுல தோல் ஊறப்போடற டிரம் சுத்துது இல்ல, அந்த ஆட்டம் பூரா இதுக்குத்தான் வந்துருக்குது. உள்ள தட்டு சுத்தும், மேல ஊசி மாதிரி ஒண்ணு படிக்கும். ஆடி ஆடி தேஞ்சு போச்சும்மா."

"வேற டிஸ்க் போட முடியாதா பாய்?"

"இதுக்கு ஏத்தது இப்ப கிடைக்காது. கிடைச்சாலும் இங்க ரெண்டு வருஷம் தாங்கும். சுத்தாத ஒண்ணு வேணும்."

டிஸ்க் ஆறியிருக்கும்போது பத்து நிமிடம் ஓடியது. சூடானதும் டக் டக். அந்தப் பத்துப் பத்து நிமிடங்களில் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் டிஸ்க்கில் நகல் எடுத்தார். அது மூன்று நாள் வேலை. வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்குப் போகும்போது, "யாரும் கை வெக்காதீங்க, நீங்களும்தான்" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் சட்டைப் பையிலிருந்து அவர் எடுத்தது ஒரு மெமரி கார்டு. கல்யாணத்தில் போட்டோ எடுப்பவர்கள் கேமராவில் செருகுவார்களே, அது. கூடவே சென்னையிலிருந்து வாங்கிவந்த, தீப்பெட்டி அளவே இருந்த ஒரு சர்க்யூட் பலகை. கார்டைப் பலகையில் செருகி, பழைய டிஸ்க்கின் பட்டை வயரை அதில் மாட்டினார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. கம்ப்யூட்டரும் நம்பவில்லை, அப்படி ஒன்று இருப்பதாகவே காட்டிக்கொள்ளவில்லை. கார்டில் இருந்த இடம் அந்தப் பழைய மெஷினுக்கு எண்ணத் தெரிந்ததைவிட ஜாஸ்தி என்று கண்டுபிடிக்க அவருக்கு ஒரு நாள் பிடித்தது. "ரொம்பப் பேஜார் பண்றான் கிழவன். அவன் எண்ணற அளவுக்குத்தான் சொல்லணும்" என்று சொல்லி, கார்டில் கொஞ்சம் இடத்தை மட்டும் கணக்கில் காட்டினார்.

அவர் சுவிட்சைப் போட்டதும் ஒரு சத்தமும் வரவில்லை. "போச்சா பாய்?" என்றேன்.

"சத்தம் இன்னாத்துக்கு வரும்? உள்ள சுத்தறதுக்கு ஒண்ணும் இல்லியே."

திரையில் முதல் பெயர் வந்தது. நான் அழுதுவிட்டேன். தேவராஜ் ஓடிப்போய் பிரியாணி வாங்கிவந்தார். நிசார் பாய் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. ஒவ்வொரு பெயராகத் திறந்து பார்த்துக்கொண்டே போனார். நானூறையும் பார்த்து முடித்தபோது பிரியாணி ஆறிப்போயிருந்தது. பதினொரு பேருக்குப் பெயரும் விலாசமும் மட்டும் இருந்தன, அளவு காலியாக இருந்தது.

"பதினொண்ணுதானே பாய், மறுபடி வரும்போது எடுத்துக்கலாம்" என்றேன்.

"வராதவங்க யாராவது இருந்தா?" என்றார்.

பதினொரு பேருக்கும் தபால் கார்டு போட்டோம். எட்டுப் பேர் வந்தார்கள். வராத மூன்று பேரைத் தேடி, ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சர்ச்சில் ஆராதனை முடிந்து வந்ததும் நிசார் பாயும் நானும் பஸ் ஏறினோம். பேரணாம்பட்டில் ஒருவர் இறந்திருந்தார். இன்னொருவர் மகனோடு பெங்களூர் போய்விட்டார். மூன்றாவது விரிஞ்சிபுரத்துப் பச்சையம்மாள். வீட்டுக்குப் பின்னால் மாட்டுக் கொட்டகை ஓரமாக உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டார். பக்கத்தில் எங்கள் செருப்பு கிடந்தது. அறுந்த வாரை மின்சாரக் கம்பியால் கட்டியிருந்தார்கள்.

நான் வழக்கம்போலத் தாளைத் தரையில் விரித்து, "இதுமேல வைங்கம்மா" என்று சொல்லிவிட்டு ஸ்கேலோடு தள்ளி நின்றேன்.

"வேணாம்மா, இதே போதும்."

நிசார் பாய் சாணித் தரையில் அப்படியே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "காலை இப்படிக் குடுங்கம்மா."

"ஐயையோ, நீங்க தொடாதீங்க சாமி."

"நான் தோல் ஷெட்டுல வேலை செய்யறவன். என் கைய நீங்கதான் மன்னிக்கணும். குடுங்க."

அவர் குதிகாலை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டார். ஒவ்வொரு இடமாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார். "இந்த ஒரு இடம் மட்டும் சூடா இருக்குது. தொட்டுப் பாருங்க."

தொட்டேன், சுட்டது. மேலே கீறல்கூடத் தெரியவில்லை. எட்டு வருடமாக நூற்றுக்கணக்கான பாதங்களை அளந்தவள் நான். தாள், பென்சில், ஸ்கேல், இவை மட்டும்தான் அவற்றைத் தொட்டிருந்தன. தொழுநோய் தொட்டால் ஒட்டாது என்று வருகிறவர்களிடம் வாய் ஓயாமல் சொல்வேன்.

மறுநாளே பச்சையம்மாளை வேலூருக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். அந்தக் கம்பியின் சிறு துண்டு ஒன்று குதிகாலுக்குள் போயிருந்தது. இன்னும் இரண்டு வாரம் விட்டிருந்தால் எலும்புக்குப் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார். ஆற நான்கு மாதம் ஆனது. கால் தப்பியது. புதிய செருப்பைத் தேவராஜே கொண்டுபோய்க் கொடுத்தார்.

போன மாதம் நிசார் பாயைப் பார்க்கப் போனேன். படுக்கையில்தான் இருந்தார். கம்ப்யூட்டர் நன்றாக ஓடுகிறது என்று நான் ஆரம்பித்ததும், அதைக் கேட்டு என்ன ஆகப்போகிறது என்பதுபோலக் கையசைத்தார்.

"விரிஞ்சிபுரத்து அம்மா நடக்கறாங்களா?"

"நல்லா நடக்கறாங்க பாய். போன வாரம் தனியா பஸ் ஏறி வந்தாங்க."

"அப்ப சரி" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

அடக்கம் செய்யும் மையவாடிக்குப் பெண்கள் போவதில்லை. ஜனாஸாவைத் தூக்கிப் போனவர்கள் தெரு முனை திரும்பும்வரை அவர் மனைவியின் கையைப் பிடித்தபடி வாசலில் நின்றிருந்துவிட்டு வந்தேன். மறுநாள் பட்டறையில் புதிதாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். காலைப் பின்னால் இழுத்துக்கொண்டிருந்தார். தாளை விரிப்பதற்கு முன் தரையில் உட்கார்ந்து அவர் குதிகாலை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டேன். ஒவ்வொரு இடமாகத் தொட்டுப் பார்த்தேன், எங்காவது சுடுகிறதா என்று. நிசார் பாயிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இதுதான்.