லிஸ்பனில் தங்கிவிட்ட தூள் போத்தல்

லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் சமையல்காரராக இருக்கும் யேசுரட்ணம், விடுமுறைக்கு எந்த நகரத்துக்குப் போனாலும் ஒரு போத்தலில் மிளகாய்த்தூள் கொண்டுபோவார். ஊர் பார்ப்பதைவிட அந்த ஊர்ச் சாப்பாட்டைத் திருத்துவதில்தான் அவருக்கு அக்கறை. ரோமில் பாஸ்தாவைத் திருத்தினார். பார்சலோனாவில் மீன் சூப்பையும் விடவில்லை.

லிஸ்பனில் தெருவோரம் சூடை மீன் சுட்டுக்கொண்டிருந்த பெண், அவர் போத்தலைத் திறந்ததும் கையைப் பிடித்துத் தடுத்தாள். முதலில் சும்மா தின்று பார் என்று சைகை காட்டினாள்.

“என்ரை மீன், என்ரை தூள். இவவுக்கென்ன?” என்று முறைத்தபடி போத்தலைப் பக்கத்தில் வைத்துவிட்டு ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டார். வெறும் உப்பும் கரிப்புகையும்தான். உடனே அடுத்த துண்டைப் பிய்த்தார்.

“இஞ்சாருங்கோ, தூள் போடேல்லையோ?” என்றாள் மனைவி றஜனி.

“கொஞ்சம் பொறும். இது முடியட்டும்.”

முள்ளை மட்டும் மிச்சம் வைத்து அவர் நிமிர்ந்தபோது, அந்தப் பெண் அவருடைய தூளைத் தன் மீனில் கொட்டி, கண்ணும் மூக்கும் ஒழுகத் தின்றுகொண்டிருந்தாள். யேசுரட்ணம் போத்தலுக்குக் கை நீட்டினார். அவள் அதைத் தன் ஏப்ரன் பைக்குள் செருகிவிட்டு, நீட்டிய கையில் இன்னொரு மீனை வைத்தாள்.